பரஸ்தானம் வைத்த போன்

அன்பிற்கினிய தையல்நாயகிக்கு,

நீ இருக்கும் இடத்தில் நாளும் கிழமையும் உண்டா, தெரியவில்லை. இங்கே இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ போய்ப் பத்து மாதம் நிறைந்து பதினொன்றாவது நடக்கிறது. உன்னிடம் தனியே சொல்ல வேண்டியதை ஊரார் படிக்கும் ஏட்டில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. உன் தம்பிக்கு நான் இழைத்த குறையை ஊரார் நடுவில்தான் இழைத்தேன். அதைப் பற்றிப் பேசுவதையும் அவர்கள் காதில் விழும்படி பேசுவதே முறை என்று படுகிறது.

அதற்கு முன் ஒரு செய்தி. என் கையில் இப்போது ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது.

மஞ்சக்குப்பத்து அலுவலகத்தின் பதிவறையில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தேன். எந்தக் கட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் எந்தப் பேருந்து எந்த ஊருக்குப் போகிறது என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அது உன் துறையாக இருந்தது. நீ முன்னே போவாய். நான் ஏதேனும் ஒரு பதிகத்தை வாய்க்குள் ஓதியபடி, உன் புடவையின் நிறத்தைக் குறியாகக் கொண்டு பின்னே வருவேன். கோயில் கோபுரம் தெரிந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன். நடுவில் இருந்த சாலைகளையெல்லாம் நீதான் பார்த்தாய்.

நீ போன மூன்றாம் மாதம், திருவதிகைக்குப் போகலாம் என்று தனியே புறப்பட்டேன். வழக்கம்போல ஓதிக்கொண்டே அமர்ந்திருந்து, கண்டக்டர் தோளைத் தட்டியதும் இறங்கினேன். இறங்கிய இடம் நெய்வேலி. கோபுரத்தைத் தேடி நிமிர்ந்தேன். அங்கே புகைபோக்கி நின்றது. பூனாவிலிருக்கும் நம் மகள் மங்கைக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. அடுத்த வாரமே இந்தப் போனை அனுப்பிவைத்தாள். இனி அம்மா இடத்தில் இதுதான் அப்பா வழிகாட்டி என்றாள். அவள் சொன்ன அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

இதைக் கையாளக் கற்றுத்தந்தவர் எதிர்வீட்டு அந்தோணியம்மாள்தான். நாற்பது ஆண்டு நர்ஸ் வேலை பார்த்த கை அல்லவா, பொறுமை அதிகம். நான் திரையை ஆள்காட்டி விரலால் அழுத்து அழுத்து என்று அழுத்துவதைப் பார்த்து, "அண்ணே, காலிங் பெல்லா அது? அழுத்தாதீங்க, தொடுங்க. ஜொரம் இருக்குதான்னு நெத்திய தொட்டுப் பாப்பம்ல, அந்த மாதிரி" என்றார். அதற்குப் பிறகுதான் ஓரளவு வசப்பட்டது.

பயணத்துக்கென்றே இதில் சில செயலிகள் இருக்கின்றன, தையல். ஆப் என்கிறார்கள். ஒன்று, பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிறது. இன்னொன்று, ரயில் இந்த நொடியில் எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிறது. டிக்கெட்டையும் அதிலேயே எடுத்துவிடலாம். மூன்றாவது, வரைபடம். அதற்குள் ஒரு பெண் இருந்து வழி சொல்கிறாள். எழுதிவைத்துப் படிப்பவள்போல் திருத்தமான தமிழ். "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்பாள். முதல் இரண்டு நாள் நான் அவளுக்கு "ஆகட்டும் அம்மா" என்று விடை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கும் எனக்கும் ஒரு பிணக்கு நேர்ந்தது. பழகிப் பார்ப்போமே என்று, வீட்டிலிருந்து நம் பாதிரிப்புலியூர்க் கோயிலுக்கே வழி கேட்டேன். மாட வீதிகளை வலம்வந்த பிறகுதானே நான் உள்ளே நுழைவேன். அது அவளுக்குத் தெரியவில்லை. கோபுர வாயிலைக் கடந்து நான் நடந்ததும், "திரும்பிச் செல்லவும்" என்றாள். மேலை வீதியில் மறுபடி சொன்னாள். வடக்கு வீதியில் புதுவழி வகுத்தாள். சன்னிதிக்கு எதிர்த்திசையில் போகும் கிழவனை எப்படியாவது மீட்டுவிடவேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு. பூக்கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதை அணைத்தால் அவள் அடங்குவாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு வீதியும் அவள் அழைக்க அழைக்கத் திரும்பாமலே வலம்வந்து முடித்தேன். புண்ணியம் கிட்டியதா, தெரியவில்லை.

பழம்பாடல்களில் ஆற்றுப்படை என்றொரு வகை இருப்பதை உனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நீ கீரை ஆய்ந்துகொண்டே தலையாட்டுவாய். பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிரே வருபவனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. சொல்பவன் அந்த வழியில் போய் வந்தவனாக இருக்கவேண்டும். அதுதான் அதன் மரபு. இந்தப் பெண் எந்த ஊருக்கும் போனதில்லை. ஆனாலும் எல்லா ஊருக்கும் வழி சொல்கிறாள். நீ போன ஊருக்கோ, போனவர் எவரும் மீண்டு வந்து வழி சொல்லவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. வேதமும் ஆகமமும் சொன்னதை ஐம்பது ஆண்டு கேட்டவனுக்கு, இப்போது எதன் சொல்லைக் கேட்டு நடப்பது என்றே குழப்பமாக இருக்கிறது.

இனி உன் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ பார்த்துக்கொண்டிருந்தாயா? விடியலில் உன் மூச்சு நின்றது. மங்கை பக்கத்தில் இருந்தாள். சிதம்பரத்தில் உன் தம்பி கலியபெருமாளுக்குச் சொல்லி அனுப்பினோம். பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தாமல் ஒரு பெண்ணை எடுக்கும் வழக்கம் இல்லை. கல்யாணத்துக்கு முன் உங்கள் வீட்டில் உனக்குத் துணி எடுத்த அதே கடையில்தான் அக்காவுக்குக் கோடி எடுப்பேன் என்று, கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டு அவன் பஸ் ஏறியிருக்கிறான். பி.முட்லூர் அருகே லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து வண்டிகள் மணிக்கணக்கில் நின்றுவிட்டன.

நாலரை மணிக்கு இராகு காலம். அது முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாலு பத்துக்கு அந்தோணியம்மாள் தம் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணே, கலியபெருமாள் பேசறாரு. இன்னும் அரை மணியில வந்துடுவாராம். எடுத்துடாதீங்கன்னு சொல்றாரு" என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுங்கள்" என்றேன்.

அவன் வந்தபோது மணி நாலே முக்கால். வாசல் கழுவிவிட்டிருந்தது. மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு ஈர வாசலில் நின்றிருந்தானாம். மயானத்துக்கு அவன் வரவில்லை. "எங்கக்காவ நான் பாக்கறதுக்குள்ள அவருக்கு என்னா அவசரம்" என்று அந்தோணியம்மாளிடம் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டான். கடவுள் இல்லை என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே, ஆனித் தேர்க் கூட்டத்துக்குத் தன் சைக்கிள் கடை வாசலில் மோர் ஊற்றுகிற பிள்ளை அவன். நாற்பத்தைந்து ஆண்டு என்னை மாமா, மாமா என்று கேலி செய்துகொண்டிருந்த வாய். அன்று அடைத்ததுதான்.

நானும் போகவில்லை. நேரம் பார்த்தது குற்றமா என்று எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டு பத்து மாதத்தைக் கழித்துவிட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, குடும்பத்தார் எல்லோரும் எழுதும் வாட்ஸப் குழுவில் மங்கை ஒரு வரி போட்டிருந்தாள். கலியபெருமாள் மாமாவை அவர் மகன் ஓசூருக்கே அழைத்துப் போகிறான், வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கார், வீட்டைக் காலி செய்தாகிவிட்டது என்று. மனைவியை முன்பே இழந்த அவன், இந்தப் பத்து மாதத்துக்குள் சிதம்பரம் வடக்கு வீதியை விட்டு ஊருக்கு வெளியே ஏதோ புது மனைப்பிரிவில் வாடகைக்கு இருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்பும்படி மங்கையைக் கேட்டேன். ஒரு சிவப்புக் குறி வந்தது. பிறகு, அரை மணி நேரம் எழுத்துக் கூட்டி, "வியாழன் காலை வருகிறேன் மச்சான்" என்று அவனுக்கு அனுப்பினேன். செய்திக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள் தோன்றி நீல நிறமாயின. அவை என்ன என்று அந்தோணியம்மாளைக் கேட்டேன்.

"படிச்சிட்டாருன்னு அர்த்தம்."

"பதில்?"

"படிச்சிட்டாரு அண்ணே. அவ்ளோதான்."

புதன்கிழமை பஞ்சாங்கத்தை விரித்தேன். வியாழன் தெற்கே சூலம். சிதம்பரம் நமக்குத் தெற்கு. காலை ஆறு முதல் ஏழரை வரை எமகண்டம்; ரயிலோ ஆறு இருபதுக்கு. இப்படி நாள் வாய்க்காதபோது நீ என்ன செய்வாய்? பரஸ்தானம் வைப்பாய். முதல் நாளே நல்ல நேரத்தில் நம் பொருள் ஒன்றை அயல்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்போதே பயணம் புறப்பட்டதாகும். மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வைத்த பொருள் மீண்டும் நம் வீட்டுக்குள் வரக்கூடாது. நீ என் மாற்று வேட்டி ஒன்றையும் விபூதிப் பையையும் மஞ்சள் பையில் போட்டு அந்தோணியம்மாளிடம் கொடுப்பாய். அவர் அதை மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் வைப்பார். இத்தனை ஆண்டும் நம் பயணங்களெல்லாம் மாதாவின் காலடியிலிருந்துதான் புறப்பட்டிருக்கின்றன.

நீ செய்ததை அப்படியே செய்திருந்தால் போதும். ஆனால் நான் படித்தவன் ஆயிற்றே. பகைமேல் செல்லும் அரசன், தான் புறப்படும் நாள் நன்றாயில்லை என்றால், நல்ல வேளையில் தன் குடையையும் வாளையும் முன்னே அனுப்பிவைப்பான் என்பது புறப்பொருள் இலக்கணம். எதை நம்பிப் போகிறானோ அதையே முன்னே அனுப்புகிறான். நான் மாற்று வேட்டியை நம்பியா சிதம்பரம் போகிறேன்? ரயில் டிக்கெட் இருப்பது இந்தப் போனில். அவன் வீட்டுக்கு வழி இருப்பது இந்தப் போனில். ஆகவே வேட்டிக்கு நடுவில் போனைச் சுற்றிவைத்து, புதன் மாலை ஐந்து மணிக்கு அந்தோணியம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே போன் இருக்கிறது என்றோ, ஆறு மணிக்கே வந்து எடுப்பேன் என்றோ சொல்லத் தோன்றவில்லை. உன் பழக்கப்படி ஏழரைக்கு மேல்தான் வருவேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழன் காலை ஐந்தே முக்காலுக்குக் குளித்து நீறு பூசித் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. அந்தோணியம்மாள் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டார்.

போன் இல்லாமலே நிலையத்துக்குப் போய்க் காகித டிக்கெட் வாங்கியிருக்கலாமே என்று நீ கேட்பாய். வாங்கலாம். சிதம்பரத்தில் இறங்கி எந்தத் தெருவுக்குப் போவேன்? அதோடு, பரஸ்தானத்தை எடுக்காமல் போனால் அது பரஸ்தானமே அல்ல. எமகண்டத்தில், சூலத்தை நோக்கி, வெறுங்கையோடு புறப்பட்டவன் ஆவேன். கால் எழவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன்.

அப்போது உள்ளே போன் ஒலித்தது.

என் போன்தான். மங்கை அதில் மணியோசை வைத்துக்கொடுத்திருந்தாள்; கோயில் மணி. பூட்டிய வீட்டுக்குள், என் வேட்டிக்குள்ளிருந்து, மாதாவின் காலடியில் கோயில் மணி அடிக்கிறது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பால் ஊற்றுகிறவர் சைக்கிளை நிறுத்தி, என்ன ஐயா, அந்தோணியம்மா வீட்ல பூசையா என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்து முறை ஒலித்தது, தையல். கதவில் கைவைத்துக்கொண்டு ஐந்தையும் கேட்டேன். தொலைவில் ரயில் ஊதுவதும் கேட்டது.

அந்தோணியம்மாள் வரும்போது மணி ஏழே கால். நான் நின்ற கோலத்தைப் பார்த்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்தார். பையைப் பிரித்ததும், "ஏண்ணே, போனயா பரஸ்தானம் வெப்பாங்க? அக்கா இருந்திருந்தா ஒங்கள ஒதச்சிருப்பாங்க" என்றார். பிறகு திரையைத் தொட்டுப் பார்த்தார். "அஞ்சும் கலியபெருமாள்தான்" என்றார்.

திருப்பி அழைத்தோம். அவன் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் போய், காட்டுமன்னார்கோயில் போகும் வண்டியில் ஏறினேன். ஏழே முக்கால். வரைபடத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். நீலப் புள்ளி ஒன்று நான் என்றது. சேரும் நேரம் எட்டு ஐம்பத்தைந்து என்று காட்டியது. போதும் என்று கண்ணை மூடி ஓதத் தொடங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது அது ஒன்பது பத்து என்றது. சாலைப் பணிக்காக வண்டிகளை ஒரே பக்கமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் ஒன்பது இருபத்திரண்டு. கோடு முழுவதும் சிவந்துவிட்டது. பி.முட்லூருக்கு முன்னால் வண்டி அப்படியே நின்றுவிட்டது. நீலப் புள்ளி அசையவில்லை. நேரம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது முப்பது. ஒன்பது முப்பத்தாறு.

பத்து மாதமாகப் பஞ்சாங்கத்தைப் புரட்டியும், படித்த நூல்களையெல்லாம் துணைக்கு அழைத்தும் எனக்கு விளங்காத ஒன்று அந்த இருக்கையில் விளங்கியது. இதே சாலை. இதே இடம். மடியில் ஒரு புடவையை வைத்துக்கொண்டு அவன் இங்கேதான் அமர்ந்திருந்தான். அரை மணி, அரை மணி என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டு. மறுமுனையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

மடியில் போன் மணி அடித்தது. எதைத் தொடுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த லால்பேட்டைக்காரர், பல ஆண்டு குவைத்தில் இருந்தவராம், "பச்சய மேல தள்ளுங்க ஐயா, செவப்ப தொட்டா கட்டாயிடும்" என்றார். தள்ளினேன்.

"எங்க இருக்கீங்க மாமா?"

"பி.முட்லூருக்கு முன்னாடி மச்சான். வண்டி நிக்குது."

"பி.முட்லூரா."

போன் அணைந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"ஒம்பதுக்குக் காரு. டிரைவரு இப்பவே ஹாரன் அடிக்கறான்" என்றான்.

"தெரியும்."

"எங்கக்காவுக்கு நீங்க யாரும் நிக்கல. ஒங்களுக்கு நான் நிக்கிறேன். வாங்க."

லால்பேட்டைக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

சிதம்பரத்தில் இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது. கோபுரத்துக்கு நேராக நின்று கும்பிட்டேன், உள்ளே போகவில்லை. அந்த ஊரில் கால்வைத்து உள்ளிருக்கும் இறைவனைக் காணாமல் நான் போவது வாழ்நாளில் அதுவே முதல்முறை. ஆட்டோவில் ஏறி, வழி சொல்லும் பெண்ணை இயக்கினேன். தெற்கே, தெற்கே என்று கூட்டிப்போய், "நீங்கள் சேருமிடம் வலப்புறம் உள்ளது" என்றாள். வலப்புறம் ஒரு குட்டை இருந்தது. இரண்டு எருமைகள் படுத்திருந்தன. நான் இறங்கி, குறியையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்டி வாங்க மாமா. எல்லாரையும் அது இந்தக் குட்டைக்குத்தான் கூட்டியாருது."

அடுத்த தெருமுனையில், பனியனும் வேட்டியுமாக நின்றுகொண்டிருந்தான் உன் தம்பி. மெலிந்திருக்கிறான். முன்பல் இரண்டு இல்லை. நான் அங்கேதான் போய் நிற்பேன் என்று தெரிந்து எதிர்கொள்ள வந்திருக்கிறான்.

வீட்டில் ஒன்றுமில்லை. நாற்காலிகூடக் காரில் ஏறிவிட்டது. பெட்டி ஒன்றின்மேல் என்னை உட்காரவைத்து, தான் தரையில் அமர்ந்தான். இரண்டு நாளாக நான் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"நான் செஞ்சது தப்பு மச்சான்" என்றேன்.

"தப்புன்னு எப்ப தெரிஞ்சுது?"

"இப்ப. பஸ்ல."

"பஸ் ஏற ஒங்களுக்குப் பத்து மாசம் ஆச்சு" என்றான்.

வெளியே டிரைவர் ஹாரனை அழுத்த, அவன் மகன் போய் ஏதோ சொல்லி அடக்கினான். ஏன் தாமதம் என்று உன் தம்பி கேட்டான். பரஸ்தானத்தைச் சொன்னேன். அரசனையும் வாளையும் சொன்னேன். பூட்டிய வீட்டையும் மாதாவையும் சொன்னபோது அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறான் என்று நினைத்துவிட்டேன். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கக்கா ஒங்கள எப்டி மாமா கட்டி மேச்சுது" என்றான். அது வேறு யாருக்கும் உரிமையில்லாத கேலி. அவன் வாயிலிருந்து அதைக் கேட்கவே நான் நாற்பது கிலோமீட்டர் வந்தேன்போல.

அந்தப் புடவையைப் பற்றி நானும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை.

விடைபெறும்போது, காலையில் ஐந்து முறை எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். அவன் காரின் கதவைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தான். "அத விடுங்க. நீங்க எடுக்கல, முடிஞ்சுது" என்றான்.

இதுதான் என்னைப் போட்டு அலைக்கழிக்கிறது, தையல். வழி சொல்ல அழைத்தானா, வருகிறேனா என்று உறுதிப்படுத்த அழைத்தானா? அந்தோணியம்மாள் வேறு சொல்கிறார்: ரெண்டு நீலக் கோடு விழுந்தும் பதில் போடாதவர், விடியக்காலம் அஞ்சு தரம் கூப்பிட்டார்னா வரவேணாம்னு சொல்லத்தான் அண்ணே. அப்படியே இருக்கட்டும். நான் எடுத்திருந்தால், வராதீர்கள் என்று அவன் சொல்லியிருந்தால், நான் போயிருக்கமாட்டேன். சரி என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்திருப்பேன். என்னை நான் அறிவேன்.

அப்படியானால் அன்று என்னைக் காத்தது எது? நேரம் பார்த்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இழந்தேன். நேரம் பார்த்துப் போனைப் பூட்டிய வீட்டுக்குள் வைத்ததால் ஒரு வியாழக்கிழமை அவனைப் பெற்றேனா? ஒரே பஞ்சாங்கம் ஒருமுறை கெடுத்து ஒருமுறை கொடுக்குமா? இல்லை, இரண்டு முறையும் அதற்கு இதில் ஒரு பங்கும் இல்லையா? படித்தவை எதுவும் எனக்கு இதற்கு உரை சொல்லவில்லை. நீ இருந்தால், சோறு ஆறுது, வந்து சாப்பிடுங்க என்பாய். அந்த அளவு தெளிவு எனக்கு எந்நாளும் வாய்த்ததில்லை.

கார் புறப்படுமுன் அவன் மகன் என் போனை வாங்கி ஏதோ செய்தான். வரைபடத்தில் அவர்கள் வண்டி போகும் இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது. வீடு திரும்பியும் அன்று மாலைவரை நான் ஓதவில்லை. அந்தப் புள்ளியையே பார்த்திருந்தேன். விழுப்புரம் கடந்தது. திருவண்ணாமலையில் கொஞ்ச நேரம் நின்றது. கடவுள் இல்லை என்பவன் அங்கே எதற்கு நின்றான் என்று கேட்கவேண்டும். கிருஷ்ணகிரி தாண்டியதும் புள்ளி மறைந்துவிட்டது. பதறி எதிர்வீட்டுக்கு ஓடினேன். எட்டு மணி நேரம்தான் காட்டும், பிறகு தானே நின்றுவிடும், அவர் நல்லாத்தான் இருப்பார் என்றார் அந்தோணியம்மாள். நம்பினேன். நம்பாமலும் இருந்தேன். வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அவனே ஒரு வரி அனுப்பிய பிறகுதான் விளக்கேற்றினேன்.

உன் தலைத்திவசம் அடுத்த மாதம் வருகிறது. வருவாயா என்று காரின் ஜன்னலில் கைவைத்துக் கேட்டேன். "பாக்கலாம் மாமா. நேரம் ஒத்து வரணும்ல" என்றான். எந்தப் பொருளில் சொன்னான் என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

ஆகவே உன்னிடமே சொல்கிறேன். படிக்கிற ஊராரும் சாட்சியாக இருக்கட்டும். திவசத்தன்று உன் தம்பி நம் வாசலில் கால்வைக்கும்வரை நான் இலை விரிக்கமாட்டேன். வழியில் வண்டி நின்றால் நானும் நிற்பேன். உச்சிப்பொழுது கடந்தால் கடக்கட்டும், இராகு காலம் வந்தால் வந்து போகட்டும். சாத்திரம் அறிந்தவர்கள் அது முறையல்ல என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நீயும் பசியோடு சற்று நேரம் காத்திரு. அவன் வராமல் போனால், மறுநாளே ஓசூருக்கு நான் பஸ் ஏறுவேன். அது எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்கமாட்டேன்.

கலியபெருமாளுக்கு இன்னமும் மாமாவாக இருக்கும்,
உன் கணவன்
அருணாசலம்